மன்யூருக்கும் மனூவருக்கும் நடுவே மருதப்பன்

சிங்கப்பூர், தேக்கா,
சௌமிய வருஷம், மாசி மாதம், 1910.

பினாங்கில் அரிசிக் கடையும் அதைவிடப் பெரிய பெயரும் வைத்திருக்கும் என் மாமனார் வைத்திலிங்கம் அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் வேலாயுதம் தலை தாழ்த்தி, தாழ்த்திய தலையை இந்தக் கடிதம் முடியும்வரை நிமிர்த்தாமல் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் மகள் தைலம்மையும் கொட்டில் மாடுகளும் தேவரீர் ஆசியால் சுகம். அவ்விடத்தில் தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பதை மறு தபாலில் தெரிவிக்கக் கோருகிறேன். கோபமாக இருந்தாலும் தெரிவிக்கலாம்.

தங்கள் குமாரன் மருதப்பன் உயிரோடு இருக்கிறான். இதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும் என்று தைலம்மை சொன்னாள். பெரியவர்களுக்கு எழுதும்போது சுகம் விசாரிக்காமல் அப்படித் தொடங்கக்கூடாது என்று நான் சொன்னேன். அப்பா சுகமாக இருப்பதும் இல்லாததும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அதனால் இரண்டாவதாக எழுதிவிட்டேன். போன கப்பலில் பினாங்கு வந்த துணி வியாபாரி ஒருவர், மருதப்பனை வெள்ளைக்காரப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டுவிட்டது என்று தங்கள் கடை வாசலில் நின்று சொன்னதாகவும், தாங்கள் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டதாகவும், பிறகு எழுந்து எனக்குத் தந்தி கொடுத்ததாகவும் அறிந்தேன். தந்தியும் வந்தது. மகன் உயிரோடிருந்தால் அவனையும், எப்படியும் மகளையும், அடுத்த கப்பலில் ஏற்று என்று மட்டும் இருந்தது. மருமகனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த வியாபாரி சொன்னதில் பட்டாளம் பிடித்தது என்பது மெய். சுட்டது என்பதும் ஒருவகையில் மெய். செத்துப்போனான் என்பதும்கூட அன்றைக்குச் சாயங்காலம்வரை மெய்யாகத்தான் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

எல்லாம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் வந்தது மாமா. எங்கள் கொட்டிலுக்கு நாலு வீடு தள்ளி அப்துல் அலீம் பாய் இருக்கிறார் அல்லவா, தாங்கள் வந்திருந்தபோது தங்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாரே, அவர்தான். துரைமார் பங்களாக்களுக்குக் கோழியும் முட்டையும் மளிகையும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். சமையற்கட்டு வாசலில் நின்று நின்று கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அவருக்கு உண்டு. எங்கள் சந்தில் துரையோடு பேசுகிற மனுஷர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்த இங்கிலீஷ் சரியா தப்பா என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அவர் ஒரு நாள் வந்து, புக்கிட் தீமா ரோட்டில் மேட்டுப் பங்களாத் துரை குதிரையில் ஏறிக்கொண்டே தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். துரைக்கு மன்யூர் வேண்டுமாம், செவ்வாய்க்கிழமை என்றார். மன்யூர் என்றால் என்ன என்று கேட்டேன். எரு என்றார். நம்மிடம் கொட்டிலுக்குப் பின்னால் மலைபோல் மக்கிக் கிடக்கிறது, முனிசிபல் ஆள் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுவிட்டுப் போகிறான், இதைக் கேட்டு வாங்கவும் ஒரு துரை இருக்கிறாரே என்று நான் மகிழ்ந்துபோனேன். மருதப்பனும் மகிழ்ந்தான். அவனுக்கு எருவைப் பற்றி ஒன்றுமில்லை. தூரமாக வண்டி ஓட்டக் கிடைத்ததே என்று சந்தோஷம். தாங்கள் அவனை என்னிடம் அனுப்பியது கொட்டில் கணக்கு வழக்குப் பழகத்தான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு மாட்டுக் கயிறு கையில் வந்தால்தான் உட்காரப் பிடிக்கிறது. நான் என்ன பண்ணுவேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இரண்டு வண்டி எருவோடு புறப்பட்டோம். முன்வண்டியில் நான். பின்வண்டியில் அவன். தைப்பூசத்துக்கு அவன் அக்காள் வாங்கிக் கொடுத்த வெள்ளைத் தலைப்பாகையை, எரு ஏற்றுகிற வேலைக்கு வேண்டாமடா என்று சொல்லச் சொல்லக் கட்டிக்கொண்டு வந்தான். துரை வீட்டுக்குப் போகிறோம் என்றான். நான் பழைய கட்டம்போட்ட துண்டைத்தான் சுற்றியிருந்தேன். இந்த இரண்டு துணிகளும் பிற்பாடு என்ன வேலை செய்தன என்பதைச் சொல்கிறேன். கால்வாயை ஒட்டிய ரோட்டில் போகும்வரை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் எங்கள் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள், அதுவும் வழக்கம்தான். கால்வாயை விட்டு மேட்டுப் பங்களாவுக்கு ஏறுகிற செம்மண் பாதையில் திரும்பியதும் எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. ஒரு மனுஷ நடமாட்டம் இல்லை. அந்தப் பாதையில் எப்போதும் அன்னாசி சுமந்துகொண்டு சீனர்கள் இறங்குவார்கள், அன்றைக்கு ஒருவரும் இறங்கவில்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு லாலான் புல். ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் ஆழமான பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான். காற்று இல்லை. ஆனால் புல் ஆடுகிறது. மாடுகள் காதை நிமிர்த்தின. நான் திரும்பிப் பார்த்து, தம்பி, திரும்பிடலாமா என்று கேட்டேன். திரும்ப இடம் எங்க இருக்கு அத்தான் என்றான் அவன். அதுவும் சரிதான்.

அப்போது வெடித்தது மாமா. மேட்டு உச்சியிலிருந்து ஒன்று, பிறகு பத்து, பிறகு கணக்கில்லை. பண்டிகைக்குச் சீனக்காரர்கள் வெடிக்கிறார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணத்திலேயே புல்லுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு சோல்ஜர்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, அந்தச் சரிவு முழுக்க ஆள். இத்தனை பேர் எங்களைச் சுற்றிப் படுத்துக் கிடந்திருக்கிறார்கள், நாங்கள் நடுவில் எரு வண்டியோடு போய்க்கொண்டிருந்திருக்கிறோம். சிலருடைய தொப்பியில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது, சிலருடையதில் இல்லை. புகை கண்ணை மறைத்தது. என் மாடுகள் மிரண்டு, அந்தக் குறுகிய பாதையில் எப்படித் திரும்பின என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, திரும்பி, வந்த வழியே இறக்கத்தில் பாய்ந்தன. கயிறு என் கையில் இருந்தது, அவ்வளவுதான். எதிரே மருதப்பனுடைய வண்டி மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறது. ஒதுங்க ஒரு சாண் இடம் இல்லை. நுகத்தோடு நுகம் மோதினால் நாலு மாடும் இரண்டு ஆளும் பள்ளத்தில்தான். தைலம்மைக்கு என்ன சொல்வது என்று நினைத்தேன், நானும் செத்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்றும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை.

மருதப்பன் உட்கார்ந்திருந்தவன் எழுந்து ஏர்க்காலில் நின்றான். கத்தவில்லை, சாட்டையையும் எடுக்கவில்லை. இடது மாட்டின் கயிற்றை மட்டும் சுண்டி இழுத்து, வலது மாட்டின் முதுகில் காலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். வண்டியின் ஒரு சக்கரம் மண் மேட்டில் ஏறியது. வண்டி சாய்ந்துகொண்டே நின்றது. கீழே ஒரு இடைவெளி விழுந்தது, என் வண்டிக்கென்று அளந்து விட்டதுபோல. அதற்குள் நுழைந்து நான் போனேன். அவனுடைய அச்சு என் முழங்காலை உரசிக்கொண்டு போனது, தழும்பு இருக்கிறது, நேரில் காட்டுகிறேன். நான் தாண்டியதும் அவன் வண்டி குப்புறச் சாய்ந்தது. மாடுகளுக்கு ஒன்றும் இல்லை, நுகம் கழன்றுவிட்டது. எரு முழுவதும் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு அணைபோலக் கொட்டிவிட்டது. கீழேயிருந்து மேலே பாய்ந்து ஓடி வந்த சோல்ஜர்கள் அந்த எருவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். மழைக்குப் பிறகு வெயில் ஏறிய எரு மாமா. துப்பாக்கிக்குப் பயப்படாத ஆட்கள் அதைத் தாண்ட யோசித்தார்கள். அவர்களுடைய தலைவன் தாண்டும்படி கத்தினான். அவர்கள் அவனையும் எருவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்போது கையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு துரை குதிரையில் வந்தார். சாய்ந்து கிடந்த வண்டியைப் பார்த்தார், என்னுடைய வண்டி தப்பி நின்ற இடத்தைப் பார்த்தார், மருதப்பனைப் பார்த்தார். தொப்பியைக் கொஞ்சம் தூக்கி ஏதோ சொன்னார். அதில் ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. மனூவர். எனக்கு உயிர் வந்தது. எரு கேட்ட துரை இவர்தான் போலிருக்கிறது என்று எண்ணி, பாதையில் கொட்டிக் கிடந்ததைக் கையால் காட்டி, அதோ, எல்லாம் தங்களுக்குத்தான் என்று சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குதிரையைத் தட்டிவிட்டார். அவர் போனதும், தொப்பியில் துணி சுற்றாத சோல்ஜர்கள் ஓடிவந்து மருதப்பனுடைய இரண்டு கையையும் பிடித்தார்கள். அவன் தலையில் வெள்ளைத் துணி, எதிர்க்கட்சிக்காரர்கள் தலையிலும் வெள்ளைத் துணி. அவனை எதிராளியின் ஆள் என்று பிடித்துக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். என் தலையில் கட்டம்போட்ட துண்டு. என்னை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் ஓடவில்லை மாமா. வெடி மறுபடி தொடங்கியதால் பள்ளத்தில் ஒதுங்கினேன். ஒதுங்கியதும் ஓடியதும் ஒன்றில்லை என்று தைலம்மையிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

எவ்வளவு நேரம் பள்ளத்தில் இருந்தேன் என்று தெரியாது. சத்தம் தூரமாகப் போனதும் எழுந்து, மருதப்பா, மருதப்பா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அவனுடைய மாடுகளைப் பிடித்து என் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தைலம்மை வாசலில் நின்றாள். ஒரு வண்டி, நாலு மாடு, ஒரு ஆள். அவள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள், அலீம் பாயைக் கூட்டிக்கிட்டுப் போங்க, என் தம்பி இல்லாம இந்தப் படி ஏறாதீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெடிச்சத்தத்தைவிட அந்தக் கதவுச் சத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை.

அலீம் பாய் விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் வந்தார். அதை நான் மறைக்கக்கூடாது. வழி முழுக்க அவர் வாய் ஏதோ ஓதிக்கொண்டே வந்தது. பட்டாளத்துக் கூடாரங்கள் ரோட்டோரத் திடலில் போட்டிருந்தார்கள். வாசலில் காவலுக்கு ஒரு சோல்ஜர், பையன் வயசுதான், வெயிலில் சிவந்த முகம். அலீம் பாய் சலாம் வைத்து, வெள்ளைத் தலைப்பாகை, தமிழ் ஆள், எருவண்டி என்று கையாலும் வாயாலும் சொன்னார். காவல்காரன் சிரித்தான். அவன் மேட்டுப் பக்கம் கையைக் காட்டி ஏழெட்டு வார்த்தை சொன்னான். அலீம் பாய் அப்படியே நின்றுவிட்டார். என்ன என்று நான் கேட்டேன். பாய், என்ன சொல்றான், சொல்லுங்க என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“மவுத்தாயிட்டானாம். மத்தியானமே. அங்கதான் கிடக்கிறானாம்.”

மாமா, அந்த மேட்டுக்கு நாங்கள் எப்படி நடந்தோம் என்று எழுத என்னால் முடியவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சோல்ஜர்கள் கூட்டம் கூட்டமாக எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், பாடிக்கொண்டும் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டும். ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டு இவர்களால் பாட முடிகிறதே என்று நினைத்தேன். தங்களுக்கு என்ன என்று எழுதுவது என்று நினைத்தேன். அவன் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் கல்யாணத்தில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது ஞாபகம் வந்தது. காலையில் எனக்கு வழி விட்டுத் தன் வண்டியைச் சாய்த்தவன் அவன். அந்த ஒரு நிமிஷம் அவன் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான்தான் இப்போது அங்கே கிடந்திருப்பேன். அலீம் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஒரு ரம்புத்தான் மரத்தடியில் அவன் கிடந்தான். கை கால் நீட்டி, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தின்மேல் போட்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அலீம் பாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய் முழங்காலிட்டு, அவன் மார்பில் கையை வைத்து, தம்பி, உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்வேன் என்று வாய்விட்டு அழுதேன். முகத்திலிருந்த துணி மெல்ல விலகியது.

“அத்தான், சோறு கொண்டாந்தீங்களா?” என்றான்.

நான் பின்னால் விழுந்துவிட்டேன். அலீம் பாய் எழுந்து ஓடினார், பிறகு திரும்பி வந்தார். அவன் சொன்னதையும், இறங்கிப்போன ஒரு சோல்ஜரிடம் அலீம் பாய் கேட்டதையும் சேர்த்துத் தெரிந்தது இதுதான். அது மெய்யான சண்டை இல்லையாம். பட்டாளத்தார் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி ஊரைப் பிடிக்க வருவதுபோலவும் மறு கட்சி காப்பதுபோலவும் பழகிப் பார்க்கிறார்களாம். துப்பாக்கியில் வெறும் மருந்துதான், குண்டு இல்லை. கையில் சிவப்புத் துணி கட்டிய துரைமார் நடுவர்கள். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று அவர்கள்தான் தீர்ப்புச் சொல்வார்கள். மருதப்பனைப் பிடித்துப்போன கூட்டத்தை மத்தியானம் எதிர்க்கட்சி சுற்றி வளைத்ததாம். நடுவர் வந்து எல்லாரையும் விரலால் சுட்டிக்காட்டி, நீங்கள் அத்தனை பேரும் செத்துவிட்டீர்கள், ஊதுகுழல் ஊதும்வரை படுத்துக் கிடங்கள் என்றாராம். மற்றவர்கள் படுத்தார்கள், இவனும் படுத்தான். நல்ல நிழல். தூங்கிவிட்டான். ஊதுகுழல் ஊதியபோது மற்றச் செத்தவர்கள் எல்லாம் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவனை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை. இவ்வளவுதான் தங்கள் மகன் செத்த கதை. துணி வியாபாரி பாதியைக் கேட்டுக்கொண்டு கப்பல் ஏறியிருக்கிறார்.

அவனைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேலாவது வர வேண்டும் அல்லவா. அலீம் பாய்மேல் வந்தது. துரை இந்தப் பட்டாள விளையாட்டைத்தான் சொல்லியிருக்கிறார், செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் வராதே என்று எச்சரித்திருக்கிறார், நீங்கள் அதை எருவென்று கேட்டுக்கொண்டு வந்து எங்களைச் சாகக் கொடுத்தீர்கள் என்று அந்த மேட்டிலேயே நின்று கத்தினேன். தன் காதில் விழுந்தது மன்யூர்தான் என்று அவரும் கத்தினார். மனூவர் என்றேன் நான், குதிரைத் துரை வாயாலேயே கேட்டேன் என்றேன். காலமெல்லாம் மாட்டோடு பேசுகிறவனுக்கு இங்கிலீஷ் என்ன தெரியும் என்று அவர் கேட்டார். நான் அவருடைய கோழிகளைப் பற்றிச் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். மூன்று பேரும் ஒரே ரோட்டில் வீட்டுக்கு வந்தோம், ஆனால் அவர் ஒரு ஓரம், நாங்கள் ஒரு ஓரம். அன்றிலிருந்து பேச்சு இல்லை. மருதப்பன் மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறான்.

அந்த வார்த்தையை விட எனக்கு மனசு வரவில்லை. மூன்று பேரிடம் விசாரித்தேன். வக்கீல் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒருவரிடம் மனூவர் என்றால் என்ன என்று கேட்டதற்கு, அவர் குரலைத் தாழ்த்தி, அது நல்ல வார்த்தை இல்லை, எதிராளி அறியாமல் காரியத்தை நகர்த்துகிற தந்திரம், எங்கள் வக்கீல் எதிர்க்கட்சி வக்கீலைத்தான் அப்படிச் சொல்வார், தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டார் என்றார். ஆற்றில் தொங்கான் படகு ஓட்டுகிற சுக்கான்காரர் நூர்தீன், இல்லை இல்லை, அது நல்ல வார்த்தைதான், பாலத்துக்கு அடியில் நீரோட்டம் இழுக்கும்போது பக்கத்துப் படகில் இடிக்காமல் தொங்கானைத் திருப்பிக் கொண்டுவந்தால் துறைமுகத்துத் துரை அப்படிச் சொல்வார் என்றார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பட்டாளத்தை இடம் மாற்றி நிறுத்திப் பழகுவதற்குப் பெயர் அது, திறமையாக ஒன்றை அசைத்துத் திருப்புவதற்கும் அதுதான், சூழ்ச்சிக்கும் அதுதான் என்றார். பலகையில் எழுதியும் காட்டினார். நடுவில் மூன்று உயிரெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கின்றன, வாயால் சொல்லும்போது அவற்றில் பாதி எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. இன்னொன்றும் சொன்னார். எருவைக் குறிக்கும் மன்யூரும் இந்த மனூவரும் ஆதியில் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம். கையால் வேலை செய்வது என்று அர்த்தமுள்ள ஏதோ பழைய பாஷைச் சொல்லிலிருந்து இரண்டும் பிறந்தனவாம். அப்படியானால் அலீம் பாய் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதா என்று கேட்டேன். வார்த்தைக்குத்தான் உறவு, அர்த்தத்துக்கு இல்லை என்றார் வாத்தியார். அதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது மாமா. குதிரைத் துரை தொப்பியைத் தூக்கிச் சொன்னது எருவைப் பற்றி அல்ல, பட்டாளத்தைப் பற்றியும் அல்ல. அந்தப் பாதையில் மருதப்பன் வண்டியைச் சாய்த்து எனக்கு வழி விட்டானே, அதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். தங்கள் மகன் செய்ததற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது, அதை ஒரு துரை தொப்பியைத் தூக்கிச் சொல்லியிருக்கிறார். தமிழில் நான் அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. தாங்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆகையால் தங்கள் திருவடி தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அவனைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டாம். அவன் போனால் தைலம்மையும் போவாள். அவள் பெட்டியைக் கட்டவில்லை, ஆனால் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறாள். இனிமேல் எந்தத் துரை எந்த வார்த்தை சொன்னாலும் புக்கிட் தீமாப் பக்கம் என் மாடு கால் வைக்காது, அப்துல் அலீம் கொண்டுவரும் சேதியை நம்பி இந்தக் கொட்டிலிலிருந்து ஒரு கூடை எருவும் வெளியே போகாது, தங்கள் குமாரன் இனி கணக்குப் பலகைக்கு முன்னால் மட்டுமே உட்காருவான். இது முருகன்மேல் ஆணை. தங்கள் கடையும் குடியும் செழிக்கவும், அத்தையின் இருமல் தணியவும், என்மேல் உள்ள கோபம் அதற்கு முன்பாகவே தணியவும் சிராங்கூன் ரோட்டு அம்மனை வேண்டிக்கொண்டு, தலையை இப்போதுதான் நிமிர்த்துகிறேன்.

தங்கள் அடக்கமான மருமகன்,
வேலாயுதம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப்போகும் நேரத்தில் மேட்டுப் பங்களாத் தோட்டக்காரர் வந்து நிற்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். துரை கேட்ட எரு ஏன் இன்னும் வரவில்லை, ரோஜாச் செடியெல்லாம் வாடுகிறது என்கிறார். எனக்குத் தலை சுற்றியது. துரை எருவா கேட்டார் என்றேன். பின்னே என்ன, நான் பக்கத்தில்தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்கிறார். மன்யூர் கொண்டு வா, ஆனால் செவ்வாய்க்கிழமை இங்கே மனூவர் நடக்கிறது, அன்றைக்கு மட்டும் வராதே, புதன்கிழமை வா என்று துரை சொன்னாராம். இரண்டு வார்த்தையும் சொல்லியிருக்கிறார் மாமா. அலீம் பாய்க்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டிருக்கிறது. எரு என்று அவர் சொன்னது சரிதான். நான் அந்த மேட்டில் நின்று சொன்னதில் பாதிதான் சரி, கோழிகளைப் பற்றிச் சொன்னது எதுவுமே சரியில்லை. ஆகவே அவரைப் பற்றி மேலே எழுதியதை வாசிக்காமல் விடவும். வாசித்திருந்தால் வாசிக்காததாக வைத்துக்கொள்ளவும். ஆணையையும் அப்படியே. ஏனென்றால் தோட்டக்காரர் பேசி முடிப்பதற்குள் மருதப்பன், மேட்டிலிருந்து மீட்டு வந்த வண்டியையும் சேர்த்து, இரண்டு வண்டியிலும் எருவை ஏற்றத் தொடங்கிவிட்டான், தலைப்பாகையும் கட்டியாயிற்று. முருகனிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். இப்போது அலீம் பாய் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். தைலம்மை என்னை நிறுத்தி, முன்வாசல் வழியாப் போகாதீங்க, உங்களைப் பார்த்தா கதவைச் சாத்திடுவார் என்கிறாள். அவர் மனைவி பதுருன்னிசா அக்கா இடியாப்பம் அவித்துப் பின்கட்டில் இரண்டு இலை போட்டு வைத்திருக்கிறார்களாம், ஒன்றில் அவரை உட்கார வைத்தாயிற்றாம், நான் பின்பக்கமாகப் போய் மற்றதில் உட்கார்ந்துவிட வேண்டுமாம், சாப்பிட உட்கார்ந்தவனை எழுந்து போ என்று அந்த மனுஷர் சொல்லமாட்டாராம். தோட்டக்காரர் வந்ததே இப்போதுதான். இந்த இரண்டு பெண்களும் இதை எப்போது பேசி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. போகிறேன்.